பூசணிக்காய் போன வழி

எங்கள் குப்பத்துக் கரையில் ஒதுங்கிய பொருள் எதுவும் அரைமணி நேரம் சும்மா கிடந்ததில்லை. இன்றைக்குக் குப்பை கிடக்கிற கிடப்பைப் பார்த்துவிட்டு நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வது அடையாற்று முகத்துவாரத்துப் பாலம் ஒடிவதற்கு முந்தின காலம். அப்போது ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கரையேறினால் நாலு பெண்பிள்ளைகள் ஓடுவோம். முதலில் ஓடிப்போய் அதன்மேல் ஒரு பிடி ஈரமண்ணைப் போட்டவளுக்கு அது சொந்தம். மண் விழுந்த பிறகு ஊர்ப் பெரியவரே வந்தாலும் தொடமாட்டார். இப்படியாக எனக்கு மூடியில்லாத ஒரு டப்பாவும், கப்பலிலிருந்து விழுந்து உடையாமல் வந்த இரண்டு பல்பும், ஒற்றைக்கால் ரப்பர் செருப்பு ஏழெட்டும் சேர்ந்திருந்தன. பல்பு எரிந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் கரண்டே இல்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், பார்க்க அழகாக இருந்தது. செருப்பை என் வீட்டுக்காரர் வட்டம் வட்டமாக வெட்டி வலைக்கு மிதப்பாகக் கோத்துவிட்டார்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். பஸ் நம்பர் படிப்பேன், பேர் எழுதுவேன். இதை எழுதுவதற்கே எத்தனையோ நாள் பிடித்தது. ஆனால் கரையில் கிடப்பதைப் பார்த்து அது எங்கே கிளம்பியது என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பல்பு, சீமைப் பாட்டில், பெட்டிப் பலகை, காலில் ஒட்டினால் போகாத தார்க்கட்டி, இதெல்லாம் கப்பல்காரன் போட்டது. வாழையிலை, உடைந்த சட்டி, செருப்பு, நீலம் போட்ட கந்தல், இதெல்லாம் ஆறு கொண்டுவந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

ஆம்பிளைகளுக்கு இது தெரியாது. அவர்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு நேரே கடலுக்குப் போவார்கள், நேரே கரைக்கு வருவார்கள், வலையை உதறுவார்கள், படுத்துக்கொள்வார்கள். கரையோரமாக நடப்பது நாங்கள்தான். மீன் கூடையோடு நடக்கிறவளுக்குக் கண் தரையில்தானே இருக்கும்.

கரையில் யாரும் மண் போடாத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. திருஷ்டிப் பூசணிக்காய். அதைத் தொடக்கூடாது, தாண்டக்கூடாது, முறைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. ஊரார் கண்ணெல்லாம் அதற்குள்ளே அடைத்திருக்கிறதாம். அதனால் கடல் எந்த இடத்தில் வைத்ததோ அந்த இடத்திலேயே கிடந்து அழுகும்.

அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மயிலாப்பூர் மாடவீதியில் என் கூடையை இறக்க முடியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதே மாமிகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். அதனால் நான் ஆழ்வார்பேட்டையில் பாதிக் கூடையை விற்றுவிட்டு, மீதியைத் தியாகராய நகருக்குக் கொண்டுபோவேன். அங்கே தெற்கத்தி ஜவுளிக்கடைக்காரர் வீடு ஒன்று இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. கடை வாசலில் ஒரு பெரிய பூசணிக்காய் தொங்கும். கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, காது வரைக்கும் மீசை எழுதியிருப்பார்கள். ஆயுத பூஜைக்குப் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு கட்டுவார்கள். அன்றைக்கு அந்தத் தெரு முழுக்கப் பூசணிக்காய் உடைப்பார்கள். மறுநாள் காலை கூட்டித் தள்ளுகிறவர் எல்லாவற்றையும் மாம்பலம் கால்வாயில் தள்ளுவார். ஒரு மழை பெய்தால் கால்வாய் ஆற்றுக்குக் கொடுக்கும், ஆறு எங்களுக்குக் கொடுக்கும்.

இதை ஒருதரம் அந்தக் கடைக்கார அம்மாவிடம் சொன்னேன்.

"யம்மா, உங்க தெருவுப் பூசணிக்கா எங்க கரையில வந்து கெடக்குது, குங்குமம்கூட அழியல."

"ஏட்டி, கதை விடுதியா? இங்க ஒடைச்ச காய் ஒங்க கடலுக்கு எப்பிடி வரும்?"

"நடந்தா வரும்? மெதந்துகினு வரும்."

"வந்தா வரட்டும். திருஷ்டி கடலோட போனா நல்லதுதான?"

"கடலோட எங்கம்மா பூட்சு? நீங்க கழிச்சு வுட்டீங்க, அது எங்க வாசல்ல வந்து குந்திக்கினு கீது."

அந்த அம்மா சிரித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் வவ்வால் மீனைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

இனி மரத்துக்கு வருகிறேன். கட்டுமரம் என்றால் ஒரே மரம் இல்லை. எங்களுடையது ஐந்து மரம். கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டுவார்கள். வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். நடுவில் வருவது பெரிய மரம், அதற்கு அளவெடுத்துத்தான் மற்ற நாலையும் செதுக்குவார்கள். பக்கத்து மரம் போனால் வேறு பார்க்கலாம். நடுமரம் போனால் கட்டுமரமே போன மாதிரி. எங்களுடைய நடுமரம் மலையாளத்துப் பக்கமிருந்து வந்தது. என் மாமனார் வாங்கியது. என் வீட்டுக்காரர் எனக்குப் பூ வாங்கிக் கொடுத்ததைவிட அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்ததுதான் அதிகம்.

அந்த நடுமரத்தின் தலைப்பக்கத்தில் வட்டமாக ஒரு தீக்காயம் இருந்தது. ஒரு குழம்புச் சட்டி அளவு. அதை வைத்தது யார் என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு தீர்ப்பு நிலவியது. தீர்ப்புச் சொன்னவர் என் வீட்டுக்காரர். குற்றவாளி அவருடைய அக்கா, என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருவான்மியூர் தாண்டி ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். வீடு ஒழுகியதால் அடுப்பை வெளியே மரம் போட்டிருந்த சாய்ப்புக்குக் கொண்டுபோயிருந்தோம். அங்கே சமைத்தது அண்ணி என்பது உண்மை. அடுப்பில் காய்ந்த சட்டியை அவசரத்தில் மரத்தின்மேல் இறக்கி வைத்தது நான் என்பதும் உண்மை. புகை வந்ததும் பதறி எடுத்து, மீனெண்ணெயைத் தடவி மறைத்தேன். நாலு நாளில் எண்ணெய் காய்ந்து வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"அப்பன் மரத்துக்கு சூடு வச்சவ வூடு வெளங்குமா?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது.

"இனிமே உன் வாசல்ல கால் வச்சா இன்னான்னு கேளு" என்று சொல்லிவிட்டு அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். இரண்டு வருஷம் போக்குவரத்து இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் முகத்துவாரம் மணலால் அடைத்திருந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு. எல்லோரும் அதன்மேல் அக்கரைக்கு நடந்து போய்வந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஐந்து மரத்தையும் அவிழ்த்து அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே காயப்போட்டிருந்தார். வானம் மேற்கே கறுத்ததைப் பார்த்து, மரத்தை மேலே இழுத்துப் போடச் சொன்னேன்.

"ஆறே தூங்கிகினு கீது, நீ ஏம்மே அத்த எழுப்புறே?" என்றார்.

பூஜை முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி மேற்கே கொட்டிய மழையில் ஆறு எழுந்துகொண்டது. விடிந்து பார்த்தால் மணல்மேட்டைக் காணோம். ஆறு மேட்டை உடைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாலு மரம் ஓரத்தில் சொருகி நின்றன. நடுமரம் இல்லை.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சொன்னேனே என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் எழுந்த பிறகு சொன்னேன்.

மரம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதுதான் கேள்வி. வேறு குப்பத்தில் ஒதுங்கி யாராவது மண்ணைப் போட்டு, அறுத்துப் பலகையாக்கிவிட்டால் முடிந்தது. நேரம் இல்லை. அவர் ஈரமான விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார்.

"தெக்கேந்து அடிக்குது. மரம் வடக்கத்தான் பூட்டுகீது. பட்டினப்பாக்கம், சாந்தோம், எங்கனா மாட்டிகினு இருக்கும்."

"எனுக்கு அப்டித் தெரியலய்யா" என்றேன்.

"கடலுக்குப் போறவன் நானா, நீயா?"

"போறவன் நீதான். மரத்த வுட்டவனும் நீதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டார். இன்றைக்கு யோசித்தால், காற்று மட்டும் அவரை அந்தப் பக்கம் அனுப்பவில்லை. தெற்கே போனால் அக்கா ஊரைத் தாண்ட வேண்டும். வடக்கே போனால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கும் மரம் வடக்கே போயிருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் நானும் முதலில் வடக்குப் பக்கமாகவே கொஞ்சதூரம் நடந்து பார்த்தேன். செருப்பு கிடந்தது. காகிதம், தேங்காய்க் குடுமி, காய்ந்த மாலை, எல்லாம் கிடந்தன. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று பாதி மனசு சந்தோஷப்பட்டது. மற்றப் பாதி மனசு, பூசணிக்காய் எங்கே என்று கேட்டது. ஆயுத பூஜை முடிந்து முதல் மழை. மாம்பலத்துக் கால்வாய் முழுக்க வந்திருக்குமே. ஒன்றுகூட இல்லை. யாரோ எடுத்துப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. அதை எவள் எடுப்பாள்?

அங்கேயே மணலில் உட்கார்ந்து யோசித்தேன். செருப்பும் காகிதமும் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து வருகிற ஜாதி. அதுகளைக் காற்று தள்ளும். பூசணிக்காய் அப்படி இல்லை. முக்கால்வாசி உடம்பு தண்ணீருக்குள் இருக்கும், உச்சி மட்டும் வெளியே தெரியும். தண்ணீர் போகிற பக்கம்தான் போகும். மரமும் அப்படித்தான் மிதக்கும். மேலே காற்று வடக்கே போனாலும் கீழே வெள்ளம், அதுதான் கடலோட்டம், தெற்கே திரும்பிவிட்டதோ என்னவோ. ஐப்பசிக்குத் திரும்ப வேண்டியதுதானே, ஒரு வாரம் முன்னதாகத் திரும்பியிருக்கும்.

எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். மீன்காரர்கள் போய்வரக் கட்டின ஒல்லிப் பாலம். ஆறு அடியில் இரைந்துகொண்டு ஓடியது. நான் நடுவே நடந்தேன், ஓரத்துக்குப் போகவில்லை. அக்கரையில் இறங்கி நூறு அடி நடப்பதற்குள் முதல் பூசணிக்காய் கிடந்தது. பாதிக் காய், உள்ளே குங்குமம். அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்கப்புறம் இரண்டு. பிறகு வெகுதூரம் ஒன்றும் இல்லை. பெசன்ட் நகர் மணலில் ஒன்று. அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போன கால்தடங்கள்கூடத் தெரிந்தன, ஜனங்கள் அவ்வளவு பயந்து நடந்திருந்தார்கள். திருவான்மியூர் கிட்டே மூன்று நாலு சேர்ந்து கிடந்தன. கடல் எனக்காக வழி நெடுகப் புள்ளி வைத்துக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் என்னை அண்ணி வீட்டுக்குக் கிட்டே இழுத்தது. கால் தானாக மெதுவாக நடந்தது.

அண்ணியின் குப்பத்துக் கரையில் கால் வைத்ததும் முதலில் பார்த்தது மீசையைத்தான். ஜவுளிக்கடைப் பூசணிக்காய். முழுசாக வந்து சேர்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு கண் மட்டும் அழிந்திருந்தது. அதற்கு இருபது அடி தள்ளி எங்கள் நடுமரம். அதன்மேல் ஒரு பிடி மண். மண்ணுக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் அண்ணி.

"வாடி. இன்னா இவ்ளோ தூரம்? வழி தவறிட்டியா?"

"இல்ல அண்ணி. மரம்..."

"எந்த மரம்?"

"நீ குந்தினு கீறியே, அதான்."

"இதுவா? விடியக்காலைல வந்துச்சு. நான்தான் மண்ணப் போட்டேன். யாரு மரமோ தெரியல. ஆனா ஒண்ணு, இதுல சூடு கீது. வட்டமா." அண்ணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அந்த இடத்தைக் கத்தி முனையால் தட்டிக் காட்டினாள். "யாரோ சமத்துக்காரி சட்டிய வச்சிட்டா போலகீது."

நான் நெத்திலியை எண்ணினேன்.

"ஆயுத பூஜ வாரத்துல ஒரு பொம்பள பொய் சொல்லக்கூடாது. அந்த மீசக்காரன் பாத்துகினே கீறான் பாரு, எங்க வூட்டுப் புள்ளைங்ககூட அந்தப் பக்கம் போவ மாட்டேங்குதுங்க. சொல்லு, உங்க மரந்தானா?"

"எங்களுதுதான் அண்ணி."

"அப்ப சூடு வச்சது யாருன்னு உனுக்குத் தெரிஞ்சிருக்குமே. அத்த என்கிட்ட சொல்லாத. எனுக்கு எதுக்கு? எந்தம்பிய இட்டுகினு வந்து அவங்கிட்ட சொல்லு. சொன்னா மரம் உன்னுது. சொல்லலைன்னா இது எனுக்கு நெத்திலி ஆய சோக்கா கீது."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாந்தோம் வரைக்கும் தேடிவிட்டு, கால் வீங்கி வந்து படுத்திருந்தார். மரம் இருக்கிற இடத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். அக்கா கரை என்றதும் மறுபடி படுத்துக்கொண்டார்.

"அவ குடுக்க மாட்டா. நான் பேசின பேச்சு அப்டி."

"நீ வா. குடுப்பா."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"பூசணிக்கா சொல்லுச்சு" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். பாலத்தின்மேல் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், ஆற்றுச் சத்தத்தில் கேட்காது என்று விட்டுவிட்டேன். பெசன்ட் நகரில் சொல்லலாம் என்று இருந்தேன், அங்கே ஆள் நடமாட்டம். திருவான்மியூரில் காலில் முள் என்று சொல்லிப் பின்தங்கிவிட்டேன். என்னைப் போல் ரோஷக்காரிக்கு ஒரு சின்ன வாக்கியம் எவ்வளவு கனம் என்று மீன் கூடையைத் தூக்கியவர்களுக்குக்கூடத் தெரியாது.

அண்ணி அதே மரத்தின்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் வட்டத்தைக் கத்தியால் தட்டினாள். டொக், டொக்.

"நான்தான்யா வச்சேன்" என்றேன். "சட்டிய எறக்கினது நான். அண்ணி இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நான் நின்றேன். அவருக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. கொஞ்சநேரம் மணலைக் கால் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது. கடைசியில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு,

"அக்கா, கஞ்சி கீதா?" என்றார்.

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. நெத்திலி செதில் என்று சொல்லிக்கொண்டாள்.

"கீது. வா. உம்பொண்டாட்டி சட்டிய எங்க வைக்கிறான்னு மட்டும் பாத்துகினு துன்னு."

மூன்று பேரும் கஞ்சி குடித்தோம். அண்ணியின் வீட்டுக்காரர் தன் கட்டுமரத்தில் எங்கள் நடுமரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கரையில் விட்டார். அண்ணி அதே கட்டுமரத்தில் உட்கார்ந்து வந்தாள். எங்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து, "வக்கிறேன், இன்னான்னு கேளு" என்றாள். நான் கேட்கவில்லை.

முதல் தரம் கடலுக்குப் போனபோது வலையில் விழுந்த வஞ்சிரத்தை, மரத்தைக் கண்டெடுத்தவள் என்று அவளுக்கே கொடுத்தோம். அது எங்கள் வழக்கம். தலையை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தாள், கருக்காமல் குழம்பு வை என்று சொல்லி.

அடுத்த தரம் தியாகராய நகருக்குப் போனபோது, உங்கள் மீசைக்காரன் எங்கே போய் உட்கார்ந்தான் தெரியுமா என்று கடைக்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சட்டிக் கதையை மட்டும் விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் எதற்கு?

ஆனால் ஊருக்கு அது தெரியாமல் இருக்க என் வீட்டுக்காரர் விடவில்லை. மரம் வந்து சேர்ந்த மறுவாரம் ஐந்து மரத்துக்கும் எண்ணெய் பூசினார். நடுமரத்தில் அந்த வட்டத்தின்மேல் மட்டும் பூசாமல் விட்டார். சுற்றிலும் மரம் மினுமினுத்தது, நடுவில் என் சட்டி அச்சு கறுப்பாக உட்கார்ந்திருந்தது. விடியற்காலையில் கட்டுமரத்தைத் தள்ளும்போது தினமும் திரும்பிப் பார்த்து, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார்:

"மே, சட்டி எதுனா எறக்கணுமா? எடம் கீது."